இன்ஜின் அறைப் பாகங்களை மெருகேற்றுவது: கழற்றுவதிலிருந்து திரும்பப் பூட்டுவது வரை

ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் தூக்கியதும் கண் போய் நிற்கும் இடம், இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டும்தான். வார்ப்பு அலுமினியத்தில் செய்த இந்தப் பாகங்களை, பொறுமை இருந்தால், வீட்டிலேயே முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிவிடலாம்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். முரட்டு உப்புத்தாளை அவசரமாக முடித்துவிட்டு மென்மையான தாளுக்குத் தாவிவிடுகிறார்கள். தேய்த்த துகள் பாகத்துக்குள் தங்கியிருப்பதைக் கவனிக்காமல் பூட்டிவிடுகிறார்கள். முதல் தவறு மெருகைக் கெடுக்கும். இரண்டாவது இன்ஜினையே கெடுக்கும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

1. எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்

மெருகுக்கு ஏற்றவை: வார்ப்பு அலுமினிய வால்வு கவர், இன்டேக் மேனிஃபோல்டின் வெளிப்பரப்பு, த்ராட்டில் பாடியின் வெளிப்பக்கம், தெர்மோஸ்டாட் உறை, ஆல்டர்னேட்டர் உறை, இன்டர்கூலர் குழாய்கள், இரு சஸ்பென்ஷன் கோபுரங்களையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் தொகுதி, எரிபொருள் குழாய்கள், ஏசி குழாய்கள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அழகுக்காகத் திறக்க வேண்டிய இடங்கள் அல்ல இவை. ஏசி குழாயில் வாயு அழுத்தத்தில் இருக்கிறது. பிரேக் பாகத்துக்குள் ஒரு துகள் போனாலும் அதன் விளைவு சாலையில்தான் தெரியும்.

துத்தநாக முலாம் பூசிய போல்ட்களையும் பிராக்கெட்களையும் தேய்க்காதீர்கள். இரும்பைத் துருவிலிருந்து காப்பது அந்த மெல்லிய முலாம்தான். தேய்த்த வாரம் பளபளக்கும், பிறகு துரு பிடிக்கும். குரோம் பூசிய பாகத்துக்கும் உப்புத்தாள் ஆகாது, மெருகுப் பசையும் மென்துணியும் போதும். நீலம், சிவப்பு என நிறமேற்றிய அனோடைஸ் பாகங்களைத் தேய்த்தால் நிறம் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

சுருக்கம் விழுந்த பெயிண்டோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வால்வு கவர்கள் சில கார்களின் அடையாளமே. காரை அசல் நிலையில் வைத்திருக்க விரும்புகிறவர் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கைவைத்தே ஆக வேண்டுமென்றால், பழைய கவர் ஒன்றைத் தேடி வாங்கி அதை மெருகேற்றுங்கள். அசல் கவர் பத்திரமாக இருக்கட்டும்.

2. அலுமினியமா, மெக்னீசியமா?

தாளை எடுப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மெக்னீசியத் துகள் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் அந்தத் தீயை வளர்க்கும். 1968 முதல் 1977 வரை வந்த போர்ஷே 911 கார்களில் பெரும்பாலானவற்றின் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி உறை) மெக்னீசியம். பி.எம்.டபிள்யூவின் என்52 இன்ஜினில் தொடக்கத்தில் வந்த வால்வு கவரும் மெக்னீசியமே.

எடை ஒரு குறிப்பு தரும். மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.7. இன்னும் தெளிவாகத் தெரிய, வெளியில் தெரியாத ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சற்று நேரத்தில் நுரைத்துக் குமிழி விட்டால் மெக்னீசியம். சும்மா கிடந்தால் அலுமினியம். மெக்னீசியம் என்று தெரிந்தால் மெருகேற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெற்று மெக்னீசியம் விரைவாக அரிக்கும் என்பதால், மெருகு வந்தாலும் நிலைக்காது.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

உப்புத்தாள் எண்கள் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்): 120, 180, 240, 320, 400, 600, 800, 1000. கையாலேயே முடிப்பதாக இருந்தால் 1500, 2000 எண்களும் வேண்டும். 400-உம் அதற்கு மேற்பட்டவையும் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பராக இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணிலும் தேவைக்கு மேல் வாங்குங்கள். தேய்ந்த தாளை இழுத்துக்கொண்டே போவதுதான் நேரத்தை அதிகம் தின்னும்.

பஃப்பிங்குக்கு, அதாவது சுழலும் சக்கரத்தில் மெருகுக் கட்டி தடவிப் பளபளப்பாக்குவதற்கு, சிசல் நார்ச் சக்கரம் ஒன்று, மென்பருத்திச் சக்கரம் ஒன்று, பழுப்பு ட்ரிப்போலி மெருகுக் கட்டி, வெள்ளைக் கட்டி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகம் இருந்தால் பச்சைக் கட்டியும், அதற்கென்று தனிச் சக்கரமும். இவற்றோடு அரம், முழு முகக் கவசம், நுண்துகளைத் தடுக்கும் மாஸ்க், துளைகளை அடைக்க ரப்பர் மூடிகள், பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கட்கள், போல்ட்டை அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு.

கேஸ்கட்டையும் கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு கழற்றத் தொடங்குங்கள். மெருகேறிய பாகம் தயாராக இருக்க, கேஸ்கட் வருவதற்காக வாரக்கணக்கில் திறந்து கிடக்கும் இன்ஜினுக்குள் தூசி போகும்.

4. கழற்றுவது

இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பிறகு, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; ஸ்பேனர் தவறிப் பட்டால் பொறி பறக்கும். எரிபொருள் குழாயைத் தொட வேண்டியிருந்தால் கையேட்டில் சொன்னபடி அழுத்தத்தை முதலில் இறக்குங்கள்.

ஒவ்வொரு ஒயரையும் வேக்குவம் குழாயையும் கழற்றும் முன் படம் எடுங்கள், சீட்டு ஒட்டுங்கள். போல்ட்களை ஒரு டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையில் பாகத்தின் வடிவத்தை வரைந்து, துளை இருக்கும் இடத்திலேயே அந்தந்த போல்ட்டைக் குத்தி வையுங்கள். ஒரே கவரில் இரண்டு நீள போல்ட்கள் இருப்பது சகஜம். நீளமானது தவறான துளைக்குப் போனால் அடிமுட்டி, சிலிண்டர் தலையின் மரையைக் கிழித்துவிடும்.

மேனிஃபோல்டை எடுத்த கையோடு சிலிண்டர் தலையில் தெரியும் துளைகளைச் சுத்தமான, நூல் உதிராத துணியால் மூடி, மேலே டேப் ஒட்டுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் ஒரு வாஷர் உள்ளே விழுந்த பிறகுதான் நினைவு வரும்.

5. பிசுக்கும் பெயிண்டும்

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு பெயிண்ட். பிசுக்கு இருந்தால், பெயிண்டை உரிக்கும் ஸ்ட்ரிப்பர் உள்ளே இறங்காது. உப்புத்தாளும் தேய்த்த சில நொடியிலேயே அடைத்துக்கொள்ளும்.

அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியுள்ள டீகிரீசரையே (பிசுக்கு நீக்கி) வாங்குங்கள். காஸ்டிக் கலந்த அடுப்புச் சுத்திகரிப்பான்கள் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். சக்கரங்களைச் சுத்தம் செய்யும் கடும் அமிலக் கரைசல்களும் வேண்டாம்.

பெயிண்ட் ஸ்ட்ரிப்பரைக் காற்றோட்டமான இடத்தில், ரசாயனம் தாங்கும் கையுறையோடு பூசி, பெயிண்ட் உப்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். மணல் பீய்ச்சி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது பரப்பில் குழி போடும், மணல் உள்ளறைகளில் போய் ஒளிந்துகொள்ளும். குழியைத் தேய்த்து எடுக்கப் பாதி நாள் கூடுதலாகப் போகும்.

6. துளைகளை அடைப்பது

வால்வு கவரின் உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல கவர்களில் ஒரு தகடு ரிவெட்டாலோ ஸ்க்ரூவாலோ பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜினுக்குள் எழும் எண்ணெய்த் துளிகளை, வெளியேறும் காற்றோடு போகவிடாமல் பிடித்துவைக்கும் தகடு அது. அதற்குப் பின்னால் உள்ள இடுக்கில் புகும் துகளை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. பிறகு சூடான எண்ணெய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி கேம் ஷாஃப்டுக்கும் பேரிங்குகளுக்கும் கொண்டு போகும்.

ஸ்க்ரூ என்றால் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ரிவெட் என்றால் தகட்டின் ஓரம் முழுவதும் டேப் ஒட்டி, காற்றுக்குழாய் முனைகளிலும் எண்ணெய் ஊற்றும் வாயிலும் ரப்பர் மூடி போடுங்கள். மேனிஃபோல்டின் ஒவ்வொரு துளைக்கும், சென்சார் பொருந்தும் ஓட்டைக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

கேஸ்கட் அமரும் தட்டைப் பரப்பின்மேல் தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே உப்புத்தாள் ஒருமுறை சாய்வாகப் பட்டாலும் எண்ணெய் கசியும். த்ராட்டில் பாடியின் உள்வட்டத்தையும் தகட்டையும் தொடவே வேண்டாம். சிலவற்றில் உள்ளே ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், அது போனால் ஐட்லிங் சீராக இருக்காது.

ஆல்டர்னேட்டரை முழுதாக வைத்துக்கொண்டு தேய்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. காற்றுத் துளைகள் வழியாகத் துகள் சுருளுக்கும் பேரிங்குக்கும் போகும். பிரித்து, வெற்று உறையை மட்டும் எடுக்கத் தெரிந்தால் செய்யுங்கள்.

7. அச்சுக்கோடும் பிசிறும்

வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மேடான கோடு ஓடும். அதை அரத்தால் சுற்றுப்பரப்பின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்புத்தாளால் இதைச் செய்ய முயன்றால் கோட்டின் இருபுறமும் பள்ளம் விழும். மெருகேறியதும் பிரதிபலிப்பு அங்கே நெளியும். அலுமினியம் அரத்தின் பற்களை அடைக்கும் என்பதால், அரத்தில் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டுத் தொடங்கி, கம்பிப் பிரஷ்ஷால் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.

எழுத்துகளின் ஓரத்திலும் முனைகளிலும் கை லேசாக இருக்கட்டும். அங்கே போன உலோகம் திரும்ப வராது.

8. உப்புத்தாள்: வேலையின் முக்கால் பங்கு

மெருகு என்பது கீறல்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவது, அவ்வளவுதான். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை முழுவதுமாக அழித்து, அந்த இடத்தில் தன் சிறிய கீறலை விடுகிறது. 180 விட்டுச்சென்ற கீறலை 240 அழித்துவிடும். 600-ஆல் அதை அழிக்க முடியாது. மேட்டை வழவழப்பாக்கும், பள்ளம் அப்படியே இருக்கும்.

பழகிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தன் மேனிஃபோல்டைக் கொண்டுவந்து காட்டினார். எட்ட நின்று பார்த்தால் முகம் தெரிந்தது. வெயிலில் சற்றுத் திருப்பியதும், அந்தப் பளபளப்புக்குள்ளேயே மயிரிழைபோல் எண்ணற்ற கோடுகள். 180-லிருந்து நேராக 600-க்குத் தாவியிருந்தார். பிறகு எத்தனை மணி நேரம் பஃப் செய்தும் போகவில்லை. 240-க்குத் திரும்பிய பிறகுதான் போயிற்று.

வார்ப்பின் பரப்பு மணல்மணலாக இருந்தால் 120-இல் தொடங்குங்கள். ஓரளவு வழவழப்பாக இருந்தால் 180 போதும். இந்த முதல் தாளுக்கே மற்ற எல்லாத் தாள்களையும்விட அதிக நேரம் ஆகும், ஆகவும் வேண்டும். வார்ப்பின் சொரசொரப்பு முற்றிலும் மறைந்து, பரப்பு முழுவதும் ஒரே மாதிரிக் கீறலாக மாறும்வரை அடுத்த எண்ணை எடுக்காதீர்கள்.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. அழியாத மார்க்கர் பேனாவால் பரப்பு முழுவதும் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள். மை தங்கியிருக்கும் புள்ளிகள்தான் தாள் இன்னும் எட்டாத பள்ளங்கள்.

எண் மாற்றும்போது திசையையும் மாற்றுங்கள். 180-ஐ நீளவாக்கில் தேய்த்தால் 240-ஐக் குறுக்காக. பிறகு விளக்கைப் பாகத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் பரப்பின் மட்டத்துக்கே இறக்கி வைத்துப் பாருங்கள். கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாகப் போக, நடுவே இரண்டோ மூன்றோ மட்டும் குறுக்கே கிடக்கும். அவை முந்தைய தாளின் மிச்சம். அந்த இடத்தை மட்டும் குழியாகத் தோண்டாமல், சுற்றிலும் பரவலாகத் தேய்த்து எடுங்கள்.

400-லிருந்து தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஈரமாகத் தேயுங்கள். சாம்பல் நிறச் சேறு வந்துகொண்டிருந்தால் தாள் வெட்டுகிறது என்று பொருள். சேறு நின்றால் தாளை மாற்றுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் பாகத்தையும் கையையும் வாளியையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். 800-இல் வேலை செய்யும்போது 240-இன் ஒரே ஒரு மணல் தாளுக்கடியில் சிக்கினால் நீளக் கீறல் போடும்.

தட்டைப் பரப்புக்கு ரப்பர் கட்டை, வளைவுக்கு விரலளவு ரப்பர் குழாய், இடுக்குக்குத் தாளைச் சுற்றிய குச்சி. வெறும் விரலால் அழுத்தினால் விரல்தடம் பள்ளமாக விழும்.

தேய்க்கத் தேய்க்க ஊசிமுனைத் துளைகள் புதிதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். வார்ப்பின் உள்ளே வாயு விட்டுச்சென்ற நுண்துளைகள் அவை. ஆழமாகப் போகப் போகக் கூடும், குறையாது.

9. பஃப்பிங்

சக்கரத்தில் வேலை செய்வதாக இருந்தால் 600 அல்லது 800-இல் நிறுத்தலாம். முதலில் சிசல் சக்கரத்தில் பழுப்பு ட்ரிப்போலி. பிறகு மென்பருத்தியில் வெள்ளை. ஒரு சக்கரத்துக்கு ஒரே கட்டிதான். பழுப்பு பட்ட சக்கரத்தில் வெள்ளையைப் பூசினால் கீறல் போடுவது நிற்காது. சக்கரத்தின் பக்கத்தில் பெயர் எழுதி, தனித்தனிப் பையில் வையுங்கள்.

200 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாகத்தின் ஓரம் சக்கரத்துக்கு எதிராக நின்றால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். எனவே சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, உங்கள் பக்கம் இருக்கும், கீழ்நோக்கிச் சுற்றும் பகுதியில் மட்டும் பாகத்தைக் காட்டுங்கள். சக்கரம் பாகத்தின்மேல் ஓடி ஓரத்தைக் கடந்து வெளியேற வேண்டும். ஓரத்தில் மோதி நுழையக் கூடாது. தொளதொளப்பான கையுறை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் வேண்டாம். மெல்லிய பிராக்கெட்டைப் பலகையில் இறுகக் கட்டிக்கொண்டு பஃப் செய்யுங்கள்.

இரும்பு அறுத்த அதே இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அலுமினியத் துகளும் பஞ்சும் கலந்த குவியலில் ஒரு தீப்பொறி விழுந்தால் போதும். துருவும் அலுமினியத் துகளும் சேர்ந்தால் அது தெர்மைட் கலவை. வேலை முடிந்ததும் இயந்திரத்தின் அடியில் சேர்ந்ததைக் கூட்டி வெளியேற்றுங்கள்.

கட்டியைக் கொஞ்சமாகத் தொட்டு வையுங்கள். பரப்பில் கறுப்புப் பட்டைகள் வந்தால் கட்டி அதிகம். புதிதாகக் கட்டி தடவாமல், லேசான அழுத்தத்தில் பாகத்தைச் சக்கரம் சுற்றும் திசையிலேயே நகர்த்தினால் அவை மறையும். முதல் சுற்றில் அழுத்தி, சுற்றுக்கு எதிராக நகர்த்துவது வெட்டுவதற்கு. கடைசியில் மெல்ல, சுற்றோடு நகர்த்துவது பளபளப்புக்கு. பாகம் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் ஆறவிடுங்கள்.

சக்கரம் இல்லாதவர்கள் 2000 வரை போய், ஆட்டோசால் போன்ற உலோக மெருகுப் பசையை மென்துணியில் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்கலாம். துணி கறுக்கும், கறுக்கட்டும். பசை முழுவதும் காயும் முன் சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள்.

10. கழுவுவது

மெருகைவிட இதற்கே அதிக அக்கறை காட்டுங்கள். ஓரங்களில் ஒட்டிய கட்டியின் மெழுகை மண்ணெண்ணெய் கரைக்கும். அதன் பிறகு சோப்புக் கலந்த வெந்நீர், நீளப் பிரஷ், மீண்டும் சுத்தமான வெந்நீர். அடைப்புகளை வெளிப்பக்கம் முழுவதும் சுத்தமான பிறகே எடுத்து, உட்பக்கத்தையும் போல்ட் துளைகளையும் தனியாகக் கழுவுங்கள்.

அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்திய பின், உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவுங்கள். வெள்ளையாகவே திரும்பும்வரை பூட்டக் கூடாது. உப்புத்தாளின் சிலிக்கான் கார்பைடு துகள் சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. அதை வடிகட்டும் ஏர் ஃபில்டரோ மேனிஃபோல்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

11. பாதுகாப்புப் பூச்சு

வெற்று அலுமினியம் காற்றோடு சேர்ந்து மெல்ல மங்கும். கார்னௌபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; இன்ஜின்மேல் அந்த வெப்பம் சாதாரணம். வெப்பம் தாங்கும் செயற்கை சீலன்ட் அல்லது செராமிக் பூச்சு நெடுநாள் நிற்கும். பூசுமுன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பசையின் எண்ணெயைப் போக்குங்கள். எண்ணெயின்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது.

தெளிந்த லாக்கர் அடிப்பதை எதிர்க்கிறேன். வழவழப்பான உலோகத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஓரத்தில் ஒரு கல் பட்டாலே அடியில் ஈரம் புகுந்து வெள்ளைப் புழுபோல் அரிப்பு ஓடும். சரிசெய்ய எல்லாவற்றையும் உரிக்க வேண்டிவரும்.

12. திரும்பப் பூட்டுவது

புதிய கேஸ்கட், சுத்தமான பரப்பு, டார்க் ரெஞ்ச். எல்லா போல்ட்களையும் முதலில் கையால் சில மரை ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். வால்வு கவரின் எம்6 போல்ட்கள் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவிலேயே நிற்கும். சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கசிந்துவிடுமோ என்று கூடுதலாக இறுக்கினால் கேஸ்கட் பிதுங்கி, அதனாலேயே கசியும்.

அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்கள் மரையில் ஆன்டி சீஸ் பசை தடவுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் இரு உலோகங்களும் அரித்து, அடுத்த முறை கழற்ற வராது. பசை தடவிய மரை எளிதாகச் சுழலும் என்பதால் உலர் மரைக்கான டார்க் அளவு அதற்கு அதிகம், குறைத்து இறுக்குங்கள். முன்பு சொன்ன என்52 போன்ற இன்ஜின்களில் அலுமினிய போல்ட்கள் உண்டு. அவை ஒருமுறைக்கானவை, புதியன வாங்கியே பூட்ட வேண்டும்.

பேட்டரியை இணைத்து இன்ஜினை ஓடவிட்டு, வேக்குவம் குழாய்களில் உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் வருகிறதா, கவரின் ஓரத்தில் எண்ணெய் பூக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடானதும் லேசான மெழுகு வாடை வரலாம். மிச்சமிருந்த கட்டி எரிகிற வாடைதான். அது சில நிமிடங்களில் அடங்க வேண்டும். அடங்காமல் எண்ணெய் எரியும் வாடையாக மாறினால் உடனே அணைத்து, எக்ஸாஸ்டின் மேல் எதுவும் சொட்டுகிறதா என்று தேடுங்கள்.

13. பிறகு

மைக்ரோஃபைபர் துணியால் அவ்வப்போது தூசியைத் தட்டுங்கள். காய்ந்த தூசியை அழுத்தித் துடைத்தால் புதுக் கீறல் விழும். மழைநீரோ கூலன்ட்டோ பட்டால் அன்றே துடைத்துவிடுங்கள், காய்ந்த துளி வெள்ளைத் தழும்பாக நிற்கும். சீலன்ட்டை நீர் முத்துமுத்தாக உருளாத நாளில் மறுபடி பூசுங்கள். லேசாக மங்கியிருந்தால் மெருகுப் பசையோடு துணி போதும். உப்புத்தாளைத் திரும்ப எடுக்க வேண்டியது உண்மையான கீறல் விழுந்தால் மட்டுமே, அதுவும் அந்தக் கீறலை அழிக்கவல்ல மிக மென்மையான எண்ணிலிருந்து.